வணிகப் புள்ளியியல் பாடப் பதிவுகளைப் பொதுவில் போடலாமா? கடலூர், புதுவை ஆசிரியர்கள், மாணவர்கள் கருத்துச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம்_புள்ளியியல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம்., பி.பி.ஏ. வகுப்புகளுக்கு வணிகப் புள்ளியியல் நடத்துகிறேன். இந்த செமஸ்டரில் நடத்திய பாடங்களை செல்போனில் பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறேன். இனி அவற்றை யூடியூபில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கள் துறையிலேயே இதற்கு ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பி.காம். சேரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பிளஸ் டூவில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்துவிட்டு வருகிறார்கள். இன்னொரு பகுதியினர் அந்த இடத்தில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்கள், அல்லது தொழிற்கல்விப் பிரிவிலிருந்து வந்தவர்கள். கூட்டலைக் குறிக்கும் சிக்மா குறியை முதன்முதலாக என் போர்டில்தான் பார்க்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கார்ல் பியர்சன் ஒட்டுறவுக் கெழுவுக்கு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்) ஒரு கணக்கு எடுத்தால் அட்டவணையில் மேலிருந்து கீழாக ஏழு பத்தி போட வேண்டும். எக்ஸ், ஒய், இரண்டின் விலக்கங்கள், அந்த விலக்கங்களின் வர்க்கங்கள், கடைசியில் பெருக்கல். நாலாவது பத்தியில் ஒருவனுக்குப் பிடி நழுவினால் அந்த மணி நேரம் முழுக்கப் போச்சு. ஒரு தடவை நிறுத்தித் திரும்பச் சொல்லலாம், இரண்டு தடவை சொல்லலாம், வகுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிறுத்த முடியாது. பதிவை அவனே நிறுத்திக்கொள்வான்.

மேலாண்மை, வணிகச் சட்டம் போன்றவற்றைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கரை ஏறிவிடலாம். புள்ளியியலில் அப்படி முடிவதில்லை. புத்தகத்தில் அட்டவணை இருக்கும், விடை இருக்கும். இந்தப் பத்தி எதற்கு, இங்கே ஏன் வர்க்கம், இந்த மைனஸ் எங்கே போயிற்று என்ற பேச்சு இருக்காது. அந்தப் பேச்சு வகுப்பில்தான் நடக்கிறது, மணி அடித்ததும் காற்றோடு போய்விடுகிறது.

வாட்ஸ்அப் குழு போதாதா என்று கேட்கிறார்கள். செமஸ்டர் முடிந்தால் குழுவும் முடிந்தது. அரியர் வைத்தவர்கள் அந்தக் குழுவிலேயே இல்லை. வீடியோவை அது சுருக்கி அனுப்புவதால் போர்டில் 3 எது, 8 எது என்று தெரிவதில்லை. போனில் இடம் நிரம்பினால் முதலில் அழிபடுவதும் இந்த வீடியோதான்.

பாகூர்_பையன்

சார், தயவுசெஞ்சு போடுங்க. நான் உங்க காலேஜ் இல்ல, புதுச்சேரி பக்கம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல அரியர் வெச்சிருக்கேன். டவுன்ல ஒரு ஜவுளிக் கடையில வேலை, கடை மூடி பஸ் பிடிச்சு பாகூர் வந்து சேர ராத்திரி ஆயிடும். அதுக்கப்புறம்தான் படிக்கணும்.

யூடியூப்ல வீடியோ இல்லாம இல்ல. ஐ.ஐ.டி. ஆளுங்க நடத்துற என்.பி.டி.இ.எல். பாத்தேன், ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அது எங்களுக்கு வெச்ச பாடம் இல்ல. அவங்க கால்குலஸ் தெரியும்னு வெச்சுக்கிட்டுப் பேசறாங்க. எங்க கேள்வித்தாள்ல ஒரு டேபிள் குடுத்து, கையால போட்டு, விடையை விளக்கு-ன்னுதான் கேக்கறாங்க. வேற சில வீடியோ இந்தில இருக்கு. தமிழ்ல இருக்கறதுல பாதிக்கு மேல குறுக்கு வழி. ஃபார்முலா, நம்பர், விடை, அவ்வளவுதான். எதுக்கு அசூம்டு மீன் (கணக்கு சுலபமாக, சராசரின்னு நாமளே வெச்சுக்கற ஒரு எண்) எடுக்கறோம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்கு அதுதான் சார் வேணும்.

லாஸ்பேட்டை_பேராசிரியை

சாரின் அக்கறை புரிகிறது. ஆனாலும் நான் மறுபக்கம்தான் நிற்கிறேன். நானும் இதே பாடம்தான் எடுக்கிறேன், பல வருடமாக.

பதிவு கிடைக்கிறது என்று தெரிந்ததும் வருகை குறைகிறது. என் வகுப்பில் நேரில் பார்த்தேன். ஜூலையில் நிரம்பியிருந்த பெஞ்சு நவம்பரில் காலி. “வீடியோ இருக்கு மேடம், அப்புறம் பாத்துக்கறேன்” என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அந்த ‘அப்புறம்’ தேர்வுக்கு முந்தின ராத்திரிதான் வருகிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கேமரா ஓடும்போது நான் வேறு ஆளாகிவிடுகிறேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே இது விளங்கவில்லை என்று தெரிந்துகொண்டு கணக்கை மாற்றிப் போடுவேன். கேமராவுக்காக நடத்தும்போது அந்தப் பார்வை போய்விடுகிறது, சுத்தமாக முடித்தால் போதும் என்று கை ஓடுகிறது. பிள்ளைகளும் வாய் திறப்பதில்லை. தப்பாகக் கேட்டுவிட்டால் ஊரே பார்க்குமே என்ற பயம். புள்ளியியலில் தப்பான கேள்விதானே சரியான இடத்துக்குக் கொண்டு போகிறது?

மஞ்சக்குப்பம்_புள்ளியியல்

மேடம், இரண்டாவதாகச் சொன்னதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை, அது உண்மையான கவலை. முதலாவதை நம் பாடத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

ஜூலையையும் நவம்பரையும் ஒப்பிடுகிறீர்கள். நம் ஊரில் நவம்பர் எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்குத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பாகூர் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஓடினால்தான் வருவார்கள். தீபாவளியும் அதை ஒட்டியே வருகிறது, முன்னும் பின்னும் கடைகளில் வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது. பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நவம்பரில் வருகை இறங்கும். காலத்தொடர் வரிசைப் பாடத்தில் பருவகால மாறுபாடு என்று நாமே நடத்துகிறோம்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 60 பேர் வகுப்பில் ஜூலைச் சராசரி 54, நவம்பர்ச் சராசரி 42. பன்னிரண்டு பேர் குறைந்திருக்கிறார்கள். பதிவே இல்லாத போன வருடத்திலும் ஜூலையில் 54, நவம்பரில் 43 என்றால்? மழையும் பண்டிகையும் பதினொரு பேரை இழுத்துக்கொண்டன, பதிவின் மேல் சொல்லக்கூடியது ஒருவர்தான். அந்த ஒருவர்கூட வேறு காரணத்தால் இருக்கலாம். நவம்பரை நவம்பரோடு வைத்துப் பார்த்தால்தான் பேச முடியும். உங்கள் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இதே அளவுகோல் என் பக்கத்துக்கும் உண்டு. வீடியோ அதிகம் பார்த்தவன் அதிக மதிப்பெண் வாங்குகிறான், ஆகவே வீடியோ நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அக்கறை உள்ளவன் வீடியோவும் பார்ப்பான், கணக்கும் போடுவான். ஒட்டுறவு இருப்பதால் காரணம் என்று ஆகிவிடாது.

கௌரவ_விரிவுரையாளர்_திருப்பாதிரிப்புலியூர்

நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு இது கருத்து வேறுபாடு. எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றுப் பாடு.

ஒரு செமஸ்டர் முழுக்க நான் நடத்தியது அப்படியே பதிவாகிவிட்டால், அடுத்த வருடம் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் என்ன? “வீடியோவைப் போட்டுக் காட்டு, ஒரு ஆள் மேற்பார்வை பார்த்தால் போதும்” என்று எந்த நிர்வாகமும் நினைக்கலாம். ஏற்கெனவே 2017இல் வந்த, மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்த பாடங்களுக்கு கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம், ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அப்படி இருக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி கொண்டுவந்துவிட்டது. அதில் மாணவருக்கு நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு மணியும் முக்கியம்.

நான் பதிவுக்கு எதிரி இல்லை. என் பாடம் யாருடையது, எத்தனை வருடம் அதைப் பயன்படுத்தலாம், என்னை அனுப்பிவிட்டு அதை ஓட்டலாமா என்பது காகிதத்தில் எழுதப்பட வேண்டும். அதற்கு முன்னால் என் குரலைப் பொதுவில் விட மாட்டேன்.

சட்டப்_படிப்பு_புதுவை

நீங்கள் கேட்டதில் பாதிக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957, புதுவைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றுதான்.

பிரிவு 17: பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்கிறவர் அந்த வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுப்பவர்தான் முதல் உரிமையாளர். ‘வேறு உடன்பாடு இல்லாவிட்டால்’ என்ற இடத்தில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம் போதும். பதிவு எந்தத் தளத்தில் இருக்கும், எதற்குப் பயன்படும், வகுப்புக்கு மாற்றாக ஓட்டக்கூடாது, ஆசிரியர் கேட்டால் எடுத்துவிட வேண்டும் என்று எழுதி, கல்லூரி முதல்வரிடம் கையெழுத்து வாங்குங்கள். மணிக்கணக்கில் வருபவருக்கு இருப்பது பணி ஒப்பந்தம்தானா என்பதே வாதத்துக்கு உரியது, அதனால் கடிதம் இன்னும் அவசியம்.

அதே சட்டத்தில் ‘நிகழ்த்துநர்’ என்ற வரையறைக்குள் பாடகர், நடிகரோடு விரிவுரை ஆற்றுபவரும் வருகிறார். நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு. வகுப்பில் நிற்பவருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே பல ஆசிரியர்களுக்குத் தெரியாது.

சாருக்கு ஒன்று. வகுப்பறைக்குள் புத்தகத்திலிருந்து எடுத்து நடத்துவதற்குப் பிரிவு 52 விலக்கு தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விலக்குக்குப் பரந்த பொருளே கொடுத்தது. ஆனால் ஒரு பதிப்பகத்தின் பக்கத்தை ஸ்கேன் செய்து உலகம் முழுக்கப் பார்க்கும் சேனலில் காட்டினால் அதே பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். கணக்குகளை நீங்களே உருவாக்குங்கள்.

நெல்லிக்குப்பம்_மாணவி

எல்லாரும் ஆசிரியர் உரிமை பத்தியே பேசறீங்க. எங்களயும் கொஞ்சம் நினைங்க.

எங்க கிளாஸ் ரெக்கார்டிங் ஒண்ணுல ஒரு பொண்ணு கேட்ட சந்தேகம் அப்படியே விழுந்திருந்தது. யாரோ அந்த பிட்ட மட்டும் வெட்டி இன்ஸ்டால போட்டு, பின்னாடி சிரிப்புச் சத்தம் சேத்து விட்டுட்டாங்க. அவ கேட்டது நல்ல கேள்வி. திட்ட விலக்கம் (சராசரிலேர்ந்து எண்கள் எவ்வளவு பரவியிருக்குங்கற அளவு) ஏன் மைனஸ்ல வராதுன்னு கேட்டா. அதுக்கப்புறம் அந்த செமஸ்டர் முடியற வரைக்கும் அவ வாயே திறக்கல.

பொதுவுல போடறதா இருந்தா எங்க முகமும் குரலும் அதுல இருக்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடறதும் விழக் கூடாது. இது எங்க கண்டிஷன் சார், கெஞ்சல் இல்ல.

சட்டப்_படிப்பு_புதுவை

தங்கச்சி சொல்வது முழுக்க நியாயம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தை. முதல் வருடத்தில் 17 வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் தேவைப்படும். சம்மதக் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டு அலைவதைவிட, பிள்ளைகள் பதிவிலேயே இல்லாமல் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

கோரிமேடு_ஒலிப்பதிவு

சின்ன ஸ்டூடியோ வெச்சிருக்கேன், அதனால வேலை சம்பந்தமா மட்டும் பேசறேன்.

காலர் மைக் மாட்டுங்க சார். வாய்க்குப் பக்கத்துல இருக்கறதால உங்க குரல் மேல வரும், பெஞ்சுலேர்ந்து வர்றது கீழ போயிடும், ஃபேன் சத்தமும் குறையும். ஆனா முழுசா போயிடும்னு நம்பாதீங்க, போடறதுக்கு முன்னாடி ஹெட்போன் வெச்சு ஒரு தடவை கேட்டுடுங்க. கேமராவ ஸ்டாண்டுல வெச்சு போர்டை மட்டும் பாக்க வெச்சுட்டா முகப் பிரச்சினை தீந்துது. பதிவு பண்ற போனை ஏரோபிளேன் மோடுல போடுங்க, இல்லன்னா நடுவுல கால் வந்து வீடியோ அறுந்துடும்.

அடுத்தது சைஸ். எல்லாரும் ரெசொல்யூஷனைக் குறைக்கறாங்க, அதனாலதான் 3-ம் 8-ம் ஒண்ணாத் தெரியுது. போர்டு ஆடாது, ஓடாது. அதனால 720பி-யை அப்படியே வெச்சுக்கிட்டு, நொடிக்கு 30 ஃபிரேம்ங்கறதை 10-ஆ குறைங்க. பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டாங்கறது, 500 கிலோபிட் வெச்சா ஒரு மணி நேரத்துக்கு 225 எம்.பி. வரும். அதே பாடத்தை 4 மெகாபிட்ல விட்டா 1.8 ஜி.பி. ஆயிடும். கிளாஸ்ல உக்காந்திருக்கற பிள்ளைக்கு டேட்டா ஒரு நாளைக்கு எவ்வளவு இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

குரல் மட்டும் தனியா எடுத்துக் குடுத்தா இன்னும் லேசு. 32 கிலோபிட்ல ஒரு மணி நேரம் 14.4 எம்.பி.தான். பேச்சுக்கு அது தாராளம்.

யூடியூப்ல 15 நிமிஷத்துக்கு மேல வீடியோ ஏத்தணும்னா முதல்ல போன் நம்பரைச் சரிபாக்கணும். ‘அன்லிஸ்டட்’னு போட்டா தேடலில் வராது, ஆனா லிங்க் கையில கிடைச்சவங்க யாரும் பாக்கலாம், அடுத்தவருக்கும் அனுப்பலாம். அதைப் பூட்டுன்னு நினைக்காதீங்க. எல்லாத்துக்கும் மேல, ஒரு காப்பி ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்கங்க. கூகுள் கணக்குல சும்மா கிடைக்கற இடம் 15 ஜி.பி.தான்.

சிப்காட்_ஷிப்ட்

கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, தொலைநிலையில் பி.காம். படிக்கிறேன். எங்கள் வீட்டில் இது புதிதல்ல, என் சித்தப்பாவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழிப் படிப்புதான். அங்கே 1979இல் தொடங்கிய ஏற்பாடு எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் நிறையவற்றைப் பட்டப்படிப்புக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் தபாலில் வரும் புத்தகம் கணக்குப் போட்டுக் காட்டாது.

ஒலியைப் பற்றி அண்ணன் சொன்னது எனக்குப் பொருந்தும். சராசரியின் நிறை குறைகள், மாதிரி எடுக்கும் முறைகள், விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் குறியீட்டு எண்ணின் பயன்கள், இவற்றுக்கெல்லாம் குரல் மட்டும் போதும், கம்பெனி பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவேன். கணக்குக்கு மட்டும் படம் வேண்டும்.

சாருக்கு ஒரு வேண்டுகோள். மணிக் கணக்கில் போடாதீர்கள், கணக்கு வாரியாக வெட்டிப் போடுங்கள். ‘வகுப்பு 14’ என்று ஒரு மணி நேர வீடியோ இருந்தால் அதில் நான் தேடுவது எங்கே என்று யாருக்குத் தெரியும்? ‘தர ஒட்டுறவு, சம தரங்கள் வரும் கணக்கு’ (மதிப்புக்குப் பதில் இடவரிசையை வைத்துப் போடும் ஒட்டுறவு, அதில் சிலர் ஒரே இடத்தில்) என்று பதினைந்து நிமிட வீடியோ இருந்தால் நேராக அதற்குப் போவேன். வெட்ட நேரம் இல்லையென்றால் விவரப் பகுதியில் நேரக் குறிப்பாவது எழுதுங்கள். 0:00இல் தொடங்கி மூன்று குறிப்பாவது இருந்து, ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையாமல் இருந்தால் யூடியூபே அதை அத்தியாயமாகப் பிரித்துக் காட்டும்.

இன்னொன்று. போர்டில் போட்ட அட்டவணையை வெறுமனே, எண்களை மட்டும் வைத்து ஒரு தாளாகச் சேர்த்துவிடுங்கள். முதலில் நான் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வீடியோவை ஓட்டுவேன். வீடியோவை மட்டும் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது, பேனாவைப் பிடித்தால் நகர மாட்டேன் என்கிறது.

மஞ்சக்குப்பம்_புள்ளியியல்

கணக்கு வாரியாக வெட்டுவது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் தம்பி. தாளும் உண்டு.

சொந்தக் கணக்கு விஷயம். நம் ஊரில் கணக்குக்குப் பஞ்சமே இல்லை. உழவர் சந்தை விலைப் பலகை தினமும் மாறுகிறது. பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் இருக்கிறது. முதுநகரில் மீன் இருக்கிறது. குறியீட்டு எண்ணுக்கு இப்போது நான் நடத்தும் கணக்கை இங்கே வைக்கிறேன். எண்கள் நான் போட்டவை.

ஒரு குடும்பம். அடிப்படை மாதத்தில் அரிசி கிலோ 50 ரூபாய், 20 கிலோ. மீன் கிலோ 200 ரூபாய், 5 கிலோ. அரிசிக்கு ஆயிரம், மீனுக்கு ஆயிரம், மொத்தம் 2000 ரூபாய். அடுத்து மே மாதம் வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. மீன் 260 ஆகிறது, அரிசி 60 ஆகிறது. வீட்டில் மீனை 4 கிலோவாகக் குறைத்துக்கொள்கிறார்கள், அரிசியைக் குறைக்க முடியுமா? அதே 20.

குறியீட்டு எண் போட மூன்று சூத்திரம், மூன்றும் ஆட்கள் பெயரில். லாஸ்பியர் பழைய அளவை வைத்துக்கொள்கிறார். 60 பெருக்கல் 20, 260 பெருக்கல் 5, கூட்டினால் 2500. அதை 2000ஆல் வகுத்தால் குறியீட்டு எண் 125. பாஷே புது அளவை எடுக்கிறார். இப்போதைய விலையில் 2240, பழைய விலையில் அதே சாமான் 1800. குறியீட்டு எண் 124.44. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஃபிஷர் 124.72.

இங்கே நிறுத்தி வகுப்பைக் கேட்பேன். பாஷே ஏன் குறைவாக வந்தது? பின்பெஞ்சிலிருந்து பதில் வரும், “வெலை ஏறுனா மீனைக் கொறச்சுக்குவோம் சார்.” அதுதான் சார் விடை, புத்தகம் நாலு வரியில் சொல்வதை அவன் ஒரு வரியில் சொல்லிவிடுகிறான். அதிக விலை ஏறிய பொருளைக் குறைத்து வாங்குவதால் புது அளவில் போடும் கணக்கில் அதன் பங்கு குறைகிறது, எண்ணும் இறங்குகிறது. தடைக்காலத்தில் மீன் வாங்கின வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. வெளியூர் வீடியோவில் இந்தக் கணக்கு வராது. நம் பக்கத்து வகுப்புகள் பொதுவில் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பண்ருட்டி_முந்திரி

முந்திரியையும் சேத்துக்கங்க சார். கொட்டை வெலையும் பருப்பு வெலையும் வெச்சு ரிக்ரஷன் (ஒரு வெலையிலேர்ந்து இன்னொண்ணைக் கணிக்கற கோடு) போடுங்க, எங்க அப்பாவே உக்காந்து பாப்பாரு. ஏன் ரெண்டு கோடு வருதுங்கறது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

மஞ்சக்குப்பம்_புள்ளியியல்

கட்டாயம் போடுகிறேன் தம்பி. இப்போதைக்கு இதை வைத்துக்கொள். கொட்டை விலை தெரிந்து பருப்பு விலையைக் கணிக்கும்போது, பருப்பு விலையில் வரும் பிழையைக் குறைக்கிற கோடு வேண்டும். பருப்பு விலை தெரிந்து கொட்டை விலையைக் கணிக்கும்போது, கொட்டை விலையில் வரும் பிழையைக் குறைக்கிற கோடு வேண்டும். வியாபாரிக்கு ஒன்று, தோட்டக்காரருக்கு ஒன்று. இரண்டு கோட்டின் கெழுக்களையும் பெருக்கினால் ஒட்டுறவுக் கெழுவின் வர்க்கம் கிடைக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் கச்சிதமாக விழுந்தால்தான் இரண்டும் ஒன்றாகும்.

பாகூர்_பையன்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்க பக்கம் கரையைக் கடந்துச்சே, அப்ப எங்க ஊர்ல கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல. அப்பறம் தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கமும் மாட்டிக்கிச்சு. யூடியூப்ல இருந்தா மட்டும் போதாது சார், டவுன்லோடு பண்ணி வெச்சுக்கற மாதிரி ஒலி ஃபைலும், அந்தத் தாளும் டெலிகிராம்ல குடுங்க. அதுல 2 ஜி.பி. வரைக்கும் ஃபைல் சுருங்காம போகுது.

லாஸ்பேட்டை_பேராசிரியை

பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதிவு போடாத வருடத்திலும் நவம்பரில் வருகை விழுந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜூலை, ஆகஸ்டிலேயே இந்த வருடம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதற்கு மழையைக் காரணம் சொல்ல முடியாது. ஒரு வகுப்பை வைத்து முடிவு கட்டவும் மாட்டேன்.

என் இரண்டாவது கவலை அப்படியேதான் இருக்கிறது. நெல்லிக்குப்பத்துப் பெண் எழுதியதைப் படித்த பிறகு இன்னும் அதிகமாகவே இருக்கிறது. அதனால் நான் கேட்பது இதுதான். உயிருள்ள வகுப்பைப் பதிவு செய்யாதீர்கள். அந்த அறையில் பிள்ளைகள் தப்பாகப் பேசட்டும், நாமும் போர்டில் அழித்து அழித்துப் போடுவோம். வகுப்பு முடிந்த பிறகு, காலி அறையில், அன்றைக்கு எந்த இடத்தில் அதிகம் திணறினார்களோ அந்தக் கணக்கை மட்டும் எடுத்துப் பதிவு செய்யுங்கள். அவர்கள் கேட்ட கேள்விகளைப் பெயர் இல்லாமல் நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லுங்கள். வகுப்பின் பேச்சும் அதில் வந்துவிடும், ஒரு பிள்ளையும் மாட்டிக்கொள்ளாது. அப்படியானால் என் கணக்குகளையும் தருகிறேன்.

கௌரவ_விரிவுரையாளர்_திருப்பாதிரிப்புலியூர்

மேடம் சொல்கிற வழியில் என் கவலைக்கும் பாதி மருந்து இருக்கிறது. கணக்குப் பதிவு வகுப்புக்குத் துணையாக இருக்கும், வகுப்புக்குப் பதிலாக நிற்காது. கடிதம் மட்டும் வேண்டும். அது இல்லாமல் நான் இல்லை.

மஞ்சக்குப்பம்_புள்ளியியல்

மேடம், இதை நான் யோசிக்கவே இல்லை, முழு மனதோடு ஏற்கிறேன். வேலை கூடும், பரவாயில்லை. ஒரு மணி நேர வகுப்பிலிருந்து பதினைந்து நிமிடக் கணக்கு ஒன்று.

இதுவரை எடுத்த வகுப்புப் பதிவுகள் பொதுவுக்கு வராது, பிள்ளைகள் குரல் அதில் இருக்கிறது. ஒட்டுறவிலிருந்து புதிதாகத் தொடங்குகிறேன். போர்டும் என் கையும் மட்டும் தெரியும். எல்லாமே பொதுவில், அன்லிஸ்டட் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போடுவதால் பெயரைச் சொல்லி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். முதல்வரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன், ‘வகுப்புக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது’ என்ற வரியோடு. கௌரவ விரிவுரையாளர் நண்பருக்கு அந்த வாசகத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவர் கல்லூரிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளட்டும்.

போர்டில் பிழை இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். திருத்தத்தை முதல் பின்னூட்டமாக நிறுத்திவைப்பேன், கணக்கே தப்பு என்றால் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவேன்.

காரைக்கால்_இரண்டாம்_வருடம்

சார், நான் இந்த இழைக்குப் புதுசு. முதல் வீடியோ பாத்தேன், தர ஒட்டுறவு. ஒரு சந்தேகம். மூணு பேர் ஒரே மார்க் வாங்கி, நாலாவது இடத்துல இருக்காங்க. எல்லாருக்கும் 4-ஆ, இல்ல 4, 5, 6-ஆ? அப்பறம், சம தரம் வந்தா போடற அந்தத் திருத்தத்தை எங்க கூட்டணும்?

மஞ்சக்குப்பம்_புள்ளியியல்

4, 5, 6 என்ற மூன்று இடத்தையும் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றின் சராசரி 5, ஆகவே மூவருக்கும் 5. அடுத்தவருக்கு 7. திருத்தம், எத்தனை பேர் சமமோ அந்த எண்ணின் கனத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்து 12ஆல் வகுக்க வேண்டும். இங்கே 27 கழித்தல் 3, அதாவது 24, வகுத்தல் 12, விடை 2. இந்த 2ஐத் தர வித்தியாச வர்க்கங்களின் கூட்டுத்தொகையோடு சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் 6ஆல் பெருக்க வேண்டும். பெருக்கிவிட்டுக் கூட்டினால் விடை மாறிவிடும், தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது அங்கேதான். இன்னொரு இடத்திலும் சமம் வந்தால் அதற்குத் தனியாக ஒரு திருத்தம் போட்டு, அதையும் அதே இடத்தில் கூட்டு. உன் கணக்கின் எண்களை இங்கேயே போடு, சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.